பதினொரு நிமிடச் சூடு

தேன்கனிக்கோட்டையில், உரக்கடைக்கு மேல்மாடியில்
என் ஒலிப்பதிவு அறை.
சுவருக்குள் பாறைக்கம்பளி, கதவுக்கு இரட்டை ரப்பர்.
தரை மட்டும் கட்டட முதலாளி ஆசைப்பட்டுப் போட்ட
கறுப்பு கிரானைட்.
மார்கழியில் அது
காலுறையைத் துளைத்துக்கொண்டு முழங்கால்வரை ஏறும்.

தாஹிரா அறிவியல் பாடம் வாசிக்கிறாள்,
பார்வையற்ற பிள்ளைகளுக்கான ஒலிநூல்.
"வெப்பம் மூன்று வழிகளில் பரவுகிறது."
மூன்று என்ற இடத்தில்
பல் தந்தியடிக்கிறது.
திரையில் அந்தச் சொல்லின் ஓரம்
சீப்பு மாதிரி தெரிகிறது.

ஸ்வெட்டர் உரசும்.
சால்வை போர்த்தினால், பக்கம் திருப்பும்போதெல்லாம்
வைக்கோலில் ஆடு புரளும்.
வெந்நீர்ப் பையை மடியில் வைத்தோம்.
அது களுக்கென்று சிரித்தது.

ஓசூர் போனேன்.
"சத்தமே வராது சார்!" என்றார் சீனிவாசலு,
லாரி ஹாரனுக்கு மேலே தொண்டையை உயர்த்தி,
விசிறி வைத்த ஹீட்டரைத் தட்டிக்கொண்டே.
குடோன் இருக்கிறதா என்று கேட்டேன்.
இருந்தது. ஷட்டரை இறக்கச் சொன்னேன்.
மிக்சிப் பெட்டிகளுக்கு நடுவே, இருட்டில்,
இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து
ஒரு யந்திரத்தின் மூச்சைக் கேட்டோம்.
பதினெட்டு வருஷமாக விற்கிறாராம்,
அன்றைக்குத்தான் கேட்டார்.
"அய்யோ, குறட்டை விடுதே" என்றார், தெலுங்கில்.

பிறகு அவரே விடவில்லை.
கம்பி சிவக்கும் ஹீட்டர்: ஒரே சுருதியில் முனகல்.
சுவரில் மாட்டும் அகச்சிவப்புப் பலகை: சுத்த ஊமை,
ஆனால் பெங்களூரிலிருந்து வரவேண்டும்,
விலை என் மைக்கின் விலை.
கடைசியாக எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர்,
ஒன்பது விலாவும் நாலு சக்கரமும்.
விசிறி கிடையாது. முனகல் கிடையாது.
சூடேறும்போது மட்டும் சொடக்குப் போடும்.
ஆறும்போதும் போடும்.
"நம்ம முட்டி மாதிரி" என்று சொல்லி
இருநூறு குறைத்தார்.

ஆகவே இப்படி ஒரு ஏற்பாடு:
ஆறு மணிக்கு அறையில் அதை மூட்டிவிடுவது.
தாஹிரா வந்ததும் அணைத்து,
வெளியே உருட்டிவிட்டு, கதவைச் சாத்துவது.
கிரானைட் அத்தனையையும் குடித்து முடிக்கப்
பதினொரு நிமிடம்.
அதற்குள் வாசித்தவரை வாசிப்பு.
மறுபடி கதவு, மறுபடி சக்கரம்,
வராண்டாவில் ரேடியேட்டரின் இருபுறமும் நின்று தேநீர்.
வெப்பச்சலனம் இரண்டு சூட்டில் முடிந்தது.
கதிர்வீச்சுக்கு மூன்று பிடித்தது.

கேட்டுத் திருத்துபவர் லகுமையா,
அஞ்செட்டிக்காரர்,
கிருஷ்ணகிரியில் ஒரு வங்கியின் டெலிபோன் ஆபரேட்டர்.
பிறவியிலேயே பார்வை இல்லை.
திருத்தங்கள் இரவில் குரலாக வரும்.
"ஒண்ணு நாற்பது. ழ வழுக்குது."
"நாலு பதினேழு. தூரத்துல பட்டாசு.
யானை எறங்கிடுச்சா?"
இறங்கியிருந்தது. வனத்துறை விரட்டிக்கொண்டிருந்தது.
என் பாறைக்கம்பளிக்கும் ரப்பருக்கும்
தெரியாமல் நுழைந்திருக்கிறது.

நேற்று ராத்திரி:
"ஆறு நிமிஷம் ரெண்டு நொடி.
குளிரும்போது உலோகம் சுருங்கும்னு
அவங்க சொல்லி முடிக்கிறாங்க.
உடனே பக்கத்துல ஒண்ணு சுருங்குது.
டிக்.
அதை வெட்டிடாதீங்க.
நான் படிச்சப்ப இது வெறும் வரி.
மனப்பாடம் பண்ணி
ரெண்டு மார்க் வாங்கினேன்."

அன்று ஒரு சூட்டுக்கு
ரேடியேட்டரை வெளியே தள்ள மறந்திருக்கிறேன்.
கோப்பைத் திறந்தபோது
வெட்டுக்குறியை அதே நொடியில்தான்
ஏற்கெனவே வைத்திருந்தேன்.

அந்த ஒன்றை விட்டேன்.
மற்ற பதினாலு டிக்கையும் வெட்டினேன்.
அவை வெறும் ரேடியேட்டர்.